நடுக்குவாதத்தின் காரணங்களும் பயிர்மருந்துகளும்

வயது சென்ற ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கினால், அதனை மூப்பின் குறியென்று தள்ளிவிடுவது கிராமங்களில் வழக்கமாயிருக்கிறது. அவர் நடை குறுகிக் காலை இழுத்து நடந்தாலும், வரப்பில் திரும்புகையில் தடுமாறினாலும், பேச்சுத் தணிந்து அருகிலிருப்போர்க்கும் கேளாமற்போனாலும், கையொப்பம் வரவரச் சிறுத்துக்கொண்டே வந்தாலும், அவையும் அம்மூப்பின் கணக்கிலேயே எழுதப்படுகின்றன. இவை ஒருங்கே காணப்படுமிடத்து அது பெரும்பாலும் வெறும் மூப்பன்று. நடுக்குவாதம் என்னும் வியாதியாம். மேல்நாட்டு வைத்தியர் இதனைப் பார்க்கின்ஸன் நோய் என வழங்குவர்.

இவ்வியாதியைப்பற்றி விவசாயப் பத்திரிகையில் எழுதவேண்டுவதென்ன என்று சிலர் வினவக்கூடும். வைத்தியசாலைக்குரிய விஷயமே இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கடந்த நாற்பது ஆண்டுகளாக நடைபெற்றுவரும் ஆராய்ச்சிகளில், இந்நோய்க்கும் வயலில் தெளிக்கப்படும் சில மருந்துகளுக்கும் தொடர்புண்டென்பதற்கு மேன்மேலும் சான்றுகள் கிடைத்துவருகின்றன. மருந்து வாங்குவோர் நிலச்சுவான்தார். அதனைக் கலந்து முதுகிற் சுமந்து தெளிப்போர் பெரும்பாலும் கூலியாட்கள். நோய் வெளிப்படுவதோ இருபது முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னர். காரணமும் காரியமும் இவ்வளவு தூரத்தில் நிற்குமிடத்து, ஒன்றை மற்றொன்றோடு பொருத்திப் பார்ப்பவர் எவருமிலர்.

நோயின் குறிகள்

கை நடுக்கம் யாவும் இந்நோயாகா. தண்ணீர்க்குவளையைத் தூக்கும்போதும் எழுதும்போதும் மாத்திரம் நடுங்கி, கையை மடியில் வைத்தவுடன் அடங்கிவிடும் நடுக்கம் வேறு. அது பல குடும்பங்களில் பரம்பரையாக வருவது. நடுக்குவாதத்தின் நடுக்கமோ, கை சும்மாயிருக்கும்போது உண்டாகி, ஒரு பொருளைப் பற்றினால் குறையும். முதலில் ஒரு கையில் மட்டும் தோன்றி, சில ஆண்டுகளில் மறுபுறத்துக்கும் பரவும். பெருவிரலும் ஆட்காட்டிவிரலும் மாத்திரை உருட்டுவதுபோல் ஓயாது அசைந்துகொண்டிருக்கும். இதனோடு அங்கங்களில் விறைப்பும், செய்கைகளில் மந்தமும் சேரும். பொத்தான் பூட்டுவதற்கும் சோறு பிசைவதற்கும் முன்னிலும் இருமடங்கு நேரம் பிடிக்கும். முகத்தில் உணர்ச்சிக்குறி மங்கும். சிலருக்கு நடுக்கமே இராமல் விறைப்பும் மந்தமும் மட்டும் இருப்பதுண்டு. இத்தகையோரையே உறவினர் சோம்பேறிகளென்று தவறாக எண்ணி ஏசுகின்றனர்.

இக்குறிகளுக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே வேறு சில மாறுதல்கள் ஏற்படுவதாக வைத்தியர் கண்டிருக்கின்றனர். வாசனையறியும் சக்தி குன்றுதல், நீங்காத மலச்சிக்கல், உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை உதறிக் கூச்சலிடுதல் ஆகியவை அவை. இவற்றுள் ஒன்று இருப்பதனாலேயே ஒருவருக்கு நடுக்குவாதம் வந்தே தீருமென்று அஞ்ச வேண்டுவதில்லை. மலச்சிக்கல் இல்லாத ஊர் ஏது?

முதன்முதலில் விவரித்தவர்

லண்டன் நகரத்து வைத்தியராகிய ஜேம்ஸ் பார்க்கின்ஸன் 1817-ஆம் ஆண்டில் நடுக்குவாதத்தைக் குறித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் ஆறு நோயாளிகளின் வரலாறே கூறப்பட்டிருக்கிறது. அவர்களிலும் சிலரை அவர் வீதியில் கண்டு விசாரித்தறிந்தாரேயன்றி வைத்தியம் செய்தாரல்லர். பிற்காலத்தில் பாரிஸ் நகரத்து நரம்பு வைத்தியர் ஷார்க்கோ என்பவரே இந்நோய்க்குப் பார்க்கின்ஸனுடைய பெயரைச் சூட்டினார்.

அந்த அறுவருள் முதல்வர் ஐம்பது பிராயம் கடந்த ஒரு தோட்டக்காரர் என்பது பயிர்த்தொழில் செய்வோர் கவனிக்கத்தக்க செய்தி. எனினும் இதிலிருந்து அவசரப்பட்டு எதனையும் முடிவுகட்டலாகாது. 1817-இல் இக்காலத்துப் பூச்சிமருந்துகளோ களைக்கொல்லிகளோ இல்லை. அவை இல்லாத காலத்திலேயே இந்நோய் இருந்ததென்பது அந்நூலாலேயே விளங்குகிறது. ஆகவே, பயிர்மருந்துகளே நடுக்குவாதத்துக்கு முழுமுதற் காரணமென்று கூறுவார் கூற்று பொருந்தாது. பல காரணங்கள் கூடி விளைக்கும் நோயில் அவை எவ்வளவு பங்கு பெறுகின்றன என்பதே ஆராயவேண்டிய விஷயம்.

மூளையில் நிகழும் கேடு

மூளையின் அடிப்பாகத்தில், கரிய நிறம் வாய்ந்த ஒரு சிறு பகுதியுண்டு. அதிலுள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் இரசாயனப் பொருளை உண்டாக்கி, உடலின் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் வேறொரு பகுதிக்கு அனுப்புகின்றன. நடுக்குவாதத்தில் இவ்வணுக்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. ஏரியில் நீர் வற்றும்போது கடைமடை வயல் முதலிற் காய்வதுபோல, டோபமின் குறையவே அசைவுகள் தடைப்படுகின்றன. கரும்பகுதி சிதைந்திருப்பதை 1919-இல் பாரிஸில் திரேத்தியக்காஃப் என்பவர் கண்டறிந்தார். நோயாளிகளின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பதை 1960-இல் வியன்னா நகரத்தார் அளந்து காட்டினர். வெளிக்குறிகள் தோன்றும் சமயத்தில் அவ்வணுக்களில் ஏறத்தாழப் பாதி ஏற்கெனவே அழிந்துபோயிருக்கும். நோய் இன்று தொடங்கியதென்று நோயாளி நினைக்கும் நாளில், அது உள்ளே நெடுங்காலம் வேலைசெய்து முடித்திருக்கிறது.

இந்த அணுக்கள் ஏன் விசேஷமாக மடியவேண்டும்? அவை ஓயாது உழைப்பவை. அதிக பிராணவாயுவைச் செலவிடுபவை. ஒவ்வோர் அணுவினுள்ளும் உணவை எரித்துச் சக்தியாக்கும் நுண்ணிய உலைகள் போன்ற உறுப்புக்கள் உள. அவ்வுலைகள் பழுதுபட்டால் ஏனைய அணுக்களுக்கு முன்னதாக இவை வாடுகின்றன. மேலும், புரதப்பொருள் ஒன்று முறைப்படி மடியாமல் திரண்டு கட்டிகளாகத் தங்குவதும் இந்நோயில் காணப்படும். அக்கட்டிகளை 1912-இல் லேவி என்பவர் விவரித்தார். அணுவின் உலையைத் தாக்கும் விஷம் எதுவாயினும் அது இந்நோய்க்கு வழிகாட்டக்கூடும் என்ற எண்ணம் பின்வரும் சம்பவத்தினால் வலுப்பெற்றது.

கலிபோர்னியாவில் நிகழ்ந்தது

1982-ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், போதைப்பொருளுக்கு அடிமைப்பட்ட சில இளைஞர்கள் கைகால் அசையாமல், பேச்சுமின்றிச் சிலைபோல் உறைந்த நிலையில் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். அறுபது பிராயத்தார்க்கு வரவேண்டிய நோய் இளைஞர்க்கு ஓரிரு வாரங்களில் வந்ததைக் கண்டு வைத்தியர் திகைத்தனர். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பு வைத்தியரும் அவருடைய சகாக்களும் விசாரித்தபோது, அவர்கள் யாவரும் திருட்டுத்தனமாகத் தயாரிக்கப்பட்ட ஒரு செயற்கைப் போதைப்பொருளை ஊசிமூலம் ஏற்றிக்கொண்டது தெரியவந்தது. அதனைத் தயாரித்தவன் பக்குவம் தவறியதால் எம்.பி.டி.பி. என்னும் வேறொரு பொருள் அதில் உண்டாகியிருந்தது. அப்பொருள் மூளையிற் சென்று மாறுதலடைந்து, மேற்கூறிய கரும்பகுதி அணுக்களிற் புகுந்து அவற்றின் உலைகளை அணைத்துவிடுகிறது. இச்செய்தி 1983-இல் வெளியாயிற்று.

விவசாயிகள் இவ்விடத்து நின்று கவனிக்கவேண்டும். எம்.பி.டி.பி. மூளையில் எந்தப் பொருளாக மாறுகிறதோ, அப்பொருள் அதற்கு முன்பே ஸைபர்குவாட் என்ற பெயரால் களைக்கொல்லியாகச் சோதிக்கப்பட்டதாகும். அதன் இரசாயன அமைப்பு, 1962 முதல் விற்பனைக்கு வந்து உலகமெங்கும் பரவிய பராகுவாட் என்னும் களைக்கொல்லியின் அமைப்பை மிகவும் ஒத்தது. ஆகவே, போதைப்பொருளில் இருந்த விஷத்தின் உறவினம் வயல்களில் தெளிக்கப்படுகிறதே, அது தெளிப்போரை என் செய்கிறது என்ற கேள்வி அன்று முதல் எழுந்தது.

உருவத்தில் ஒத்திருப்பதால் மாத்திரம் செயலிலும் ஒத்திருக்குமென்று கொள்ளலாகாது. பராகுவாட் அணுவைத் தாக்கும் வழி சற்று வேறு. அது பிராணவாயுவைத் தீய உருவமாக மாற்றி, அவ்வுருவம் அணுவை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்கிறது. ஆயினும் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் அதனைச் செலுத்திப் பார்த்த பரிசோதனைகளில் அதே கரும்பகுதி அணுக்கள் மடிந்திருக்கின்றன.

குடியானவர்களிடையே நடந்த கணக்கெடுப்புகள்

எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேருமோ என்பதை மனிதரிடையே விசாரித்துத்தான் அறியவேண்டும். இதற்காக ஐக்கிய அமெரிக்காவில் அயோவா, வடகரோலினா என்னும் இரு மாகாணங்களில் 1993-இல் ஒரு பெரிய கணக்கெடுப்புத் தொடங்கிற்று. அங்குச் சில மருந்துகளைத் தெளிக்க அரசாங்க அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும். அச்சீட்டுப் பெறவந்த குடியானவர்களும் அவர்களுடைய மனைவியரும் பிறருமாக 89,000 பேர் வரையில் அதிற் பதிவு செய்யப்பட்டு, அவர்கள் கையாண்ட மருந்துகளும் பின்னர் அவர்களுக்கு நேர்ந்த நோய்களும் குறிக்கப்பட்டுவந்தன. அவர்களுள் நடுக்குவாதம் கண்ட 110 பேரையும், அந்நோயற்ற 358 பேரையும் ஒப்பிட்டு 2011-இல் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. பராகுவாட்டைக் கையாண்டோர்க்கும், ரோட்டினோன் என்னும் பூச்சிமருந்தைக் கையாண்டோர்க்கும், கையாளாதோரை நோக்க இந்நோய் உண்டாவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காயிருந்தது.

இவ்வெண்ணைச் சரியான அளவில் உணர்தல் வேண்டும். அறுபது பிராயத்துக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் இந்நோயால் பீடிக்கப்படுகின்றனர் என்பது பொதுக்கணக்கு. அது இரண்டரை மடங்கானாலும் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேராகும். மருந்தடித்த அனைவரும் நோயாளியாவர் என்பது பொருளன்று. ஆயினும் ஒரு ஜில்லாவில் மருந்தடிப்போர் பல்லாயிரவராயின், அந்த இரண்டும் மூன்றும் சேர்ந்து எத்தனை குடும்பங்களாகும் என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அதே குடியானவர்களிடையே செய்யப்பட்டு 2015-இல் வெளியான மற்றொரு ஆராய்ச்சி மிகவும் உபயோகமானது. விஷம் உட்புகாத கையுறைகளை வழக்கமாக அணிந்து தெளித்தவர்களிடத்தில் பராகுவாட்டுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு காணப்படவில்லை. வெறுங்கையோடு தெளித்தவர்களிடத்திலேயே அது காணப்பட்டது. ஆராய்ச்சி சிறியதே. எனினும் செலவு குறைந்த ஒரு ரப்பர்க் கையுறையின் மதிப்பை இதனினும் தெளிவாகக் காட்டிய சான்று அரிது.

தெளிப்பவர் மாத்திரமன்றி வயலருகே குடியிருப்போரும் பாதிக்கப்படுகின்றனரா என்பது அடுத்த கேள்வி. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு திராட்சையும் பருத்தியும் வாதுமையும் செழித்து வளரும் பூமி. அம்மாகாணத்தில் எந்த நிலத்தில் எந்நாளில் எந்த மருந்து எவ்வளவு தெளிக்கப்பட்டதென்று 1974 முதலே வர்த்தக ரீதியான தெளிப்புகளுக்கு அரசாங்கக் கணக்கு உண்டு. அக்கணக்கையும் நோயாளிகளின் வீட்டு விலாசங்களையும் தேசப்படத்தில் பொருத்திப் பார்த்து, 2009-இல் ஒரு முடிவு வெளியாயிற்று. பராகுவாட்டும் மானெப் என்ற பூஞ்சாணக்கொல்லியும் ஆகிய இரண்டும் தெளிக்கப்பட்ட நிலத்துக்கு 500 மீட்டர் தூரத்துக்குள் வசித்தவர்களுக்கு நோய்வாய்ப்பு நூற்றுக்கு 75 பங்கு அதிகமாயிருந்தது. இளவயதில் நோய்கண்டவர்களிடையே இத்தொடர்பு இன்னும் பலமாயிருந்தது. தனித்தனியே சிறிது தீங்கு செய்யும் இரு மருந்துகள் ஒருங்கு சேர்ந்தவிடத்து அதிகத் தீங்கு செய்யக்கூடும் என்பது இதனாற் புலனாகிறது. ஒரே தெளிப்பானில் இரண்டு மூன்று மருந்துகளைத் தம் மனம்போனபடி கலந்தடிக்கும் வழக்கமுள்ளவர்கள் இதனை நன்கு சிந்திக்கவேண்டும். அப்பள்ளத்தாக்கில் வயல்களுக்கிடையே உள்ள சொந்தக் கிணறுகளின் நீரைப் பருகியோரிடத்தும் வாய்ப்பு மிகுந்திருந்ததாக அவ்வாண்டிலேயே வெளியான வேறோர் ஆராய்ச்சி கூறிற்று.

இவ்வாராய்ச்சி நடைபெறக் கூடியதாயிருந்ததே அந்தத் தெளிப்புக் கணக்கினாலன்றோ? கணக்கில்லாத தேசத்தில் நோயாளி தான் வாலிபத்தில் அடித்த மருந்தின் நிறத்தையும் நாற்றத்தையும் நினைவுகூர்வானேயன்றிப் பெயரைக் கூறமாட்டான்.

எதிர்ப்பக்கத்து அபிப்பிராயமும் கூறப்படவேண்டும். பராகுவாட் நடுக்குவாதத்தை உண்டாக்குகிறதென்று தீர்மானிக்கப் போதிய சான்றில்லை என்று ஐக்கிய அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிலையம் தன் பரிசீலனையில் கூறி, 2021-இல் அதன் உபயோகத்தைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தது. தொடர்பு காணாத ஆராய்ச்சிகளும் உள. வேறு தேசங்களோ பெரும்பாலும் அதன் உடனடி விஷத்தன்மையைக் கருதி அதனை விலக்கின: ஐரோப்பியக் கூட்டுறவில் 2007 முதல் அனுமதி ரத்தாயிற்று; இலங்கையில் 2008 முதல் 2011-க்குள் படிப்படியாக நிறுத்தப்பட்டது; கேரளத்தில் 2011-இல் தடுக்கப்பட்டது. ஒரு வாய் உட்சென்றாலும் நுரையீரல் அழிந்து உயிர் போகும், மாற்று மருந்தும் கிடையாது என்பதே அத்தடைகளின் முக்கிய நியாயம். பிரெஞ்சு அரசாங்கம் 2012-இல், நெடுங்காலம் பயிர்மருந்துகளைக் கையாண்ட விவசாயிகளுக்கு வரும் நடுக்குவாதத்தைத் தொழில் நோயென்று அங்கீகரித்து, ஈட்டுத்தொகை பெறும் உரிமை அளித்தது. அங்கு ஒரு தனி மருந்தின்மேல் குற்றம் நாட்டாமல், தொழிலின்மேலேயே பொறுப்பு வைக்கப்பட்டது.

இயற்கை விஷங்கள்

செடிகொடிகளிலிருந்து எடுக்கப்படும் மருந்து தீங்கற்றதென்பது பலருடைய நம்பிக்கை. ரோட்டினோன் அந்நம்பிக்கையைப் பொய்ப்பிக்கிறது. அது டெர்ரிஸ் முதலிய கொடிகளின் வேரில் உள்ளது. நீரிற் கலந்து மீன்பிடிக்கப் பழங்காலத்திலிருந்தே உபயோகிக்கப்பட்டது. இயற்கைச் சாகுபடியாளர் விரும்பிக் கையாண்டது. 2000-ஆம் ஆண்டில் அட்லாண்டா நகரத்தில் கிரீனமயர் என்பவரின் குழுவினர் அதனை எலிகளின் இரத்தத்தில் சிறு அளவாக இடைவிடாது செலுத்தியபோது, அணுவின் உலைகள் பழுதுபட்டுக் கரும்பகுதி சிதைந்து, லேவி கண்டவை போன்ற கட்டிகளும் தோன்றின.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய குவாதலூப்பில், மருந்துக்கு இணங்காத ஒருவித நடுக்குவாதம் அளவுக்கு மிஞ்சிக் காணப்படுவதாக 1999-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. நோயாளிகளிற் பலர் முள்சீத்தாப் பழத்தை மிகுதியாக உண்டும் அதன் இலையைக் கஷாயமிட்டுப் பருகியும் வந்தவர்கள். அம்மரத்தில் உள்ள அன்னோனாசின் என்ற பொருளும் அணுவின் உலையை அணைப்பதே. எப்போதாவது ஒரு பழம் தின்பதால் தீங்கு வருமென்று இதற்குப் பொருள்கொள்ள வேண்டா. ஆயினும் சர்வரோக நிவாரணியென்று விளம்பரப்படுத்தி விற்கப்படும் அவ்விலைக் கஷாயத்தை நாடோறும் பருகுவது புத்திசாலித்தனமன்று.

பால் வழியாக வந்த விஷம்

ஹவாய்த் தீவுகளில் அன்னாசித் தோட்டங்களுக்கு ஹெப்டாக்ளோர் என்னும் பூச்சிமருந்து இடப்பட்டுவந்தது. பழம் எடுத்தபின் எஞ்சிய தழையை நறுக்கிக் கறவைப் பசுக்களுக்குத் தீவனமாக இட்டனர். 1982-இல் அவ்வூர்ப் பாலைச் சோதித்தபோது அம்மருந்தின் மிச்சம் அதிகமாயிருப்பது கண்டு, பாலை விற்பனையிலிருந்து திரும்பப்பெற நேர்ந்தது. 1960-களிலிருந்தே அத்தீவில் ஆண்மக்கள் பலருடைய ஆகாரமும் ஆரோக்கியமும் ஓர் ஆராய்ச்சிக்காகக் குறிக்கப்பட்டுவந்திருந்தன. அவர்களுள் இறந்துபோன 449 பேருடைய மூளைகளைப் பரிசோதித்து வெளியிட்ட முடிவின்படி, நடுவயதில் தினம் இரண்டு கோப்பைக்கு மேல் பால் பருகியவர்களில் புகைபிடிக்காதோரின் கரும்பகுதி அணுக்கள் மற்றவரைக் காட்டிலும் குறைந்திருந்தன. மிகுதியாகப் பால் பருகியோரில் பத்துக்கு ஒன்பது பேர் மூளையில் ஹெப்டாக்ளோரின் மிச்சம் இருந்தது. பாலே தீங்கென்று இதனாற் பெறப்படாது. மருந்தடித்த பயிரின் தழையையும் தட்டையையும் குறித்த நாட்கள் கழியுமுன் மாட்டுக்கு இடுவோர், அது எங்கே போய்ச் சேருமென்பதை அறிவதற்கே இச்செய்தி இங்குக் கூறப்பட்டது.

ஏனைய காரணங்கள்

வயதே யாவற்றினும் பெரிய காரணம். ஐம்பதுக்குமுன் இந்நோய் அபூர்வம். அறுபதுக்குமேல் வரவரப் பெருகும். பம்பாய்ப் பார்ஸி சமூகத்தாரிடையே வீடுவீடாக நடந்து 1988-இல் வெளியான கணக்கில் லட்சத்துக்கு 328 பேருக்கு இந்நோய் இருந்தது. அச்சமூகத்தில் முதியோர் தொகை மிகுதியென்பது நினைவிருக்கவேண்டும். ஆண்களுக்குப் பெண்களைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வருகிறது. உலகில் 1990-இல் 25 லட்சமாயிருந்த நோயாளிகளின் தொகை 2016-இல் 61 லட்சமாயிற்றென்றும், 2019-இல் 85 லட்சத்துக்கு மேற்பட்டதென்றும் மதிப்பிட்டுள்ளனர். ஆயுள் நீண்டதும் ஜனத்தொகை பெருகியதும் இதற்குப் பெருங்காரணங்களாயினும், அவை மாத்திரமே இவ்வளவு பெருக்கத்துக்குப் போதுமா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே ஐயமுண்டு.

பரம்பரையைப் பற்றிய பயம் பலருக்கு உண்டு. நோயாளிகளில் பத்துப் பதினைந்து விழுக்காட்டினர்க்கே குடும்பத்தில் வேறொருவருக்கும் இந்நோய் இருந்திருக்கிறது. 1997-இல் இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்கள் சிலவற்றில் இந்நோயை விளைக்கும் பரம்பரைக் கூறு ஒன்று முதன்முதலிற் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் பல கூறுகள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலோரிடத்துப் பரம்பரை, விதையின் தன்மை போல்வது. விதை ஒன்றேயாயினும் மண்ணும் நீரும் வேறுபடின் விளைவு வேறுபடும். தகப்பனுக்கு நோய் கண்டதென்று மகனுக்குப் பெண்கொடுக்க மறுப்பது அறியாமை.

மாங்கனீஸ் தூளைச் சுவாசித்து உழைப்போர்க்கு நடுக்குவாதத்தை ஒத்த வேறொரு நோய் உண்டாகும் என்பதை 1837-லேயே கூப்பர் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர் எழுதினார். இது சுரங்கத்தாரையும் இரும்பு உருக்கி ஒட்டுவோரையும் சார்ந்தது. உலோகத் துப்புரவுக்கும் உடை வெளுப்புக்கும் உபயோகப்பட்ட டிரைக்ளோரோஎதிலீன் என்ற திரவம் குடிநீரிற் கலந்திருந்த அமெரிக்க இராணுவ முகாமொன்றில் வசித்தவர்களுக்கு, அவ்வாறு கலவாத முகாமில் வசித்தவர்களைக் காட்டிலும் நூற்றுக்கு 70 பங்கு நோய்வாய்ப்பு அதிகமென 2023-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. தலையில் பலத்த அடிபடுதலும் வாய்ப்பை ஏற்றும்.

வைத்தியர் கொடுக்கும் மருந்துகளே நடுக்கத்தை உண்டாக்குவதுமுண்டு. மனநோய்க்கான சில மருந்துகளும், வாந்திக்கு வழங்கும் மெட்டோக்குளோப்பிரமைடும், தலைச்சுற்றலுக்கு மாதக்கணக்கில் உண்ணப்படும் சின்னாரிஸினும் இவ்வகையின. இவற்றால் வந்த நடுக்கம், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தணிந்துவிடும். சர்ப்பகந்தி வேரிலுள்ள ரெஸர்ப்பினும் இத்தன்மையதே. 1957-இல் ஸ்வீடனில் கார்ல்ஸன் என்பவர் ரெஸர்ப்பின் ஊட்டி அசைவற்றுக் கிடந்த முயல்களை லெவோடோப்பா என்னும் பொருளால் எழுந்து நடமாடச் செய்தார். இன்றுள்ள சிகிச்சைக்கு அதுவே அடிப்படை.

புகையிலை பிடிப்போர்க்கும் காப்பி அருந்துவோர்க்கும் இந்நோய் குறைவாகக் காணப்படுகிறதென்பது பல கணக்குகளில் திரும்பத் திரும்ப வெளிப்பட்ட உண்மை. இதைக் கேட்டுப் புகையிலைச் சாகுபடியாளர் மகிழ வேண்டுவதில்லை. நடுக்குவாதத்தினின்று தப்பியவன் புற்றுநோயாலும் மாரடைப்பாலும் முன்னதாகவே மாண்டால் இலாபமென்ன?

நிலமுடையோர் செய்யவேண்டுவன

மருந்துப் புட்டியின்மேல் உள்ள முக்கோணத்தின் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நிறங்கள் விஷத்தின் கடுமையைக் காட்டுவன. ஆனால் அக்கடுமை, உடனே உயிரைக் கொல்லும் சக்தியை எலிகளிற் சோதித்து அளந்ததாகும். இருபது ஆண்டுகள் சிறிது சிறிதாகத் தோல்வழியே புகுந்தால் நேரும் தீங்கை அந்நிறம் கூறாது. பச்சை முக்கோணம் கண்டு வெறுங்கையால் கலக்குவது இத்தவறான எண்ணத்தின் பலன்.

விஷம் உட்புகும் பிரதான வாயில் மூக்கன்று, தோல். அதிலும், தெளிக்கும் வேளையைவிடப் புட்டியைத் திறந்து அளந்து கலக்கும் வேளையே அபாயம் மிக்கது. அப்போது மருந்து நீர்த்துப்போகாமல் முழு வீரியத்தோடு இருக்கிறது. ஆகையால் கையுறை ஒரே ஒரு ஜோடி இருக்குமானாலும் அதனைக் கலப்பவனுக்குக் கொடுக்கவேண்டும். துணிக் கையுறை உதவாது. அது மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும். கழற்றுமுன் கையுறையோடேயே கையைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். கசியும் தெளிப்பானை முதுகிற் சுமப்பவன் முதுகும் இடுப்பும் நாள்முழுதும் விஷத்தில் ஊறுகின்றன. வாஷர் மாற்றும் செலவைப் பாராமல் அதனைப் பழுதுபார்த்த பின்னரே ஆளிடம் கொடுக்கவேண்டும். அடைபட்ட நாசிலை வாயால் ஊதும் வழக்கம் அறவே ஒழியவேண்டும். காற்றுக்கு எதிராகவும், நனைந்த பயிரினூடே முன்னோக்கி நடந்தும் தெளிக்கலாகாது. வேலை முடிந்தவுடன் குளிப்பதற்கு நீரும் சோப்பும் வயலண்டையிலேயே கிடைக்கச் செய்தல் உத்தமம். அத்துணிகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. துவைப்பவள் மனைவியாதலால், அவளும் அவ்விஷத்தில் பங்கு பெறுகிறாள். கிணற்றடியில் மருந்து கலப்பதும் தெளிப்பானைக் கழுவுவதும் அக்கிணற்றுநீரைக் குடிக்கும் எல்லோரையும் பாதிக்கும். வெறும் புட்டிகளையும் தகரங்களையும் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ எடுத்துக்கொள்ள விடாமல் துளையிட்டு விடவேண்டும்.

வெயிலில் கையுறையும் முழுக்கைச் சட்டையும் தாங்கமுடியவில்லை என்று கூலியாட்கள் கூறுவது மெய்யே. அதற்குப் பரிகாரம், விடியற்காலையிலும் மாலையிலும் தெளிக்கச் செய்து, நடுப்பகலில் நிறுத்திவிடுதல். கவசத்தைக் களையச் செய்வதன்று. பயிர்மருந்தைக் கையாளுவோர்க்குத் தக்க காப்புடை வேண்டுமென்று 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1971-இல் ஏற்பட்ட விதிகளிலேயே கூறப்பட்டது. ஒரே ஆளை ஆண்டுதோறும் எல்லா வயல்களுக்கும் மருந்தடிக்க அமர்த்துவதால் அவனொருவன்மேலேயே விஷம் குவிகிறது. களையெடுப்பில் இயந்திரக் களையெடுப்பானும் மூடாக்கும் ஊடுபயிரும் பயன்படும் இடங்களில், களைக்கொல்லியின் தேவையே பாதியாகக் குறையக் கூடும்.

நோய் கண்டோர்க்கு

அழிந்த அணுக்களை மீட்கும் மருந்து இல்லை. ஆயினும் லெவோடோப்பா பல ஆண்டுகள் நோயாளியை நடமாடவும் வேலைசெய்யவும் வைக்கிறது. பூனைக்காலி விதையில் இப்பொருள் இருப்பதை 1937-இல் தாமோதரன், ராமஸ்வாமி என்னும் இருவர் சென்னையிற் பிரித்தெடுத்துக் காட்டினர். நாட்டு வைத்தியத்தில் அவ்விதை வாதரோகங்களுக்கு வழங்கிவந்தது காரணமற்றதன்று. எனினும் விதைக்கு விதை அளவு மாறுபடுதலால், வைத்தியரைக் கேளாமல் தாமே பொடித்து உண்பதும், மாத்திரையோடு அதனையும் சேர்த்துக்கொள்வதும் தவறு. 1967-இல் கோட்ஸியாஸ் என்பவர், சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றும் முறையை நியூயார்க்கில் வகுத்த பின்னரே இம்மருந்து எங்கும் பரவிற்று. மாத்திரையைக் குறித்த நேரத்தில் உணவுக்கு முன் உண்ணவேண்டும். பருப்பும் இறைச்சியும் போன்ற புரத உணவு அதன் வேலையைத் தடுக்கும். திடீரென்று நிறுத்துதல் ஆபத்து. நாடோறும் நடத்தலும் உடற்பயிற்சியும் நன்மை தருவன.

கிராம உத்தியோகஸ்தர்கள் தங்கள் கிராமத்தில் மருந்தடிப்பதையே பிழைப்பாகக் கொண்டோர் யாவரென்று ஒரு ஜாபிதா வைத்துக்கொள்வது நலம். நிலமுடையவர் ஒவ்வொரு தெளிப்பின்போதும் தேதி, சர்வே நம்பர், மருந்தின் பெயர், அளவு, தெளித்தவன் பெயர் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் குறித்துவைப்பாராயின், பிற்காலத்தில் அவ்வாளுக்கு நடுக்கமோ மந்தமோ கண்டு அரசினர் வைத்தியசாலைக்குச் செல்ல நேரும்போது அக்குறிப்பின் பிரதியைக் கொடுத்தனுப்பலாம். அதனோடு, அவர் அதுகாறும் உண்ட மாத்திரைகளின் சீட்டுகளையும் சேர்த்தனுப்பவேண்டும்.